சுங்கை ரம்பாய்க்குப் போன ரத்தப் பரிசோதனை வேன்

போன மாதம் ஃபாரா எனக்கு ஒரு படம் அனுப்பினாள். அரசாங்க கிளினிக் லேப்பில் கடைசிச் சில வருடங்கள் என்னோடு வேலை பார்த்த பெண் அவள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளும் அவள்தான். படத்தில் ஒரு மருந்துக் கடை அலமாரி. இருமல் மருந்துக்கும் பற்பசைக்கும் நடுவில், வீட்டிலேயே எச்.ஐ.வி. பார்த்துக்கொள்ளும் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே மலாயில் ஒரு செய்தி: "அக்கா, இனிமே நம்மளத் தேடி யாரும் வரமாட்டாங்க போல. முன்னே நீங்க தோட்டம் தோட்டமா போய்ச் செஞ்ச கதைய எழுதி அனுப்புங்க. புதுசா வந்த பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

அவளுக்கு மலாயில் அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் அடங்காததைத் தமிழில் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்மதம் கேட்க வேண்டியவர்களிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் பெட்டிகளைப் பார்த்து எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் வாயால் சொல்லவே பயந்த பரிசோதனை, இன்றைக்குப் பற்பசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அது அங்கே வந்து சேர்ந்த வழியில் கொஞ்ச தூரம் நானும் தூக்கிச் சுமந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் அப்பா அம்மா இருவரும் லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்கள். நான் ஐந்தாம் படிவம் முடித்ததும் லேப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சளியையும் சிறுநீரையும் ரத்தத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம், விடுதிச் சாப்பாட்டைத் திட்டினோம், பரீட்சை எழுதினோம். சீருடையோடு மலாக்காவுக்குத் திரும்பி வந்தபோது தோட்டத்து ஜனங்கள் என்னை 'மிஸ்ஸி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களுக்குச் சீருடை போட்ட பெண் என்றால் நர்ஸ், நர்ஸ் என்றால் மிஸ்ஸி. நான் நர்ஸ் இல்லை, லேப்பில் ரத்தம் பார்க்கிறவள் என்று பொறுமையாக விளக்குவேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "சரிங்க மிஸ்ஸி" என்பார்கள்.

அப்போதெல்லாம் எச்.ஐ.வி. பார்க்க வேண்டுமானால் கை நரம்பில் ஊசி குத்தி, குழாயில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரி லேப்புக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். தோட்டத்து ஆட்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வந்தவர், முடிவைக் கேட்க இன்னொரு நாள் எப்படி வருவார்? அதிலும் குத்தகை வேலைக்காரர்கள் இன்றைக்கு ஒரு தோட்டம், அடுத்த மாதம் வேறு தோட்டம். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டும் ஒருவர் தீராத இருமலோடு வந்து ரத்தம் கொடுத்தார். இரண்டு முறை வந்து கேட்டார். இன்னும் வரவில்லை என்று சொல்லி அனுப்பினோம். முடிவு வந்தபோது அவர் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டிருந்தார். போனும் போகவில்லை. எங்களிடம் முடிவு இருந்தது, ஆள் இல்லை. அவரைப் போல எத்தனையோ பேர்.

பிறகுதான் விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் பட்டைகள் வந்தன. கோவிட் காலத்தில் எல்லாரும் வீட்டில் மூக்கைக் குடைந்து பார்த்தார்களே, கிட்டத்தட்ட அதே தோற்றம். சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக், அதில் ஒரு சிறு குழி, பக்கத்தில் ஒரு சன்னல். ஒரு கோடு வந்தால் நோய் இல்லை, இரண்டு கோடு வந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு கூடையில் போட்டு எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம்.

எங்கள் லேப்புக்குத் தலைமை மேடம் கோ. மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. சீன மொழியைவிட மலாய்தான் அவருக்குச் சரளம். ஒல்லியான உடம்பு, ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடி, உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். நான் பார்த்தவரை அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. யாராவது தப்பாகச் செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருப்பார். தப்பு செய்தவர் தானாகவே அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை அந்தக் கண்ணாடி மூக்குக்குத் திரும்பாது.

பட்டைகள் வந்த அன்றைக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கே" என்றார். அடுத்து வந்த வாரங்கள் முழுக்க, பெரிய இயந்திரத்தில் ஏற்கெனவே முடிவு தெரிந்த ரத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பட்டைகளில் சோதித்தார். எந்தக் குழாயில் எது இருக்கிறது என்று எனக்குச் சொல்லமாட்டார். நான் படித்துச் சொல்ல வேண்டும். ஒருநாள் சாயங்காலம் பெட்டியை மூடி வைத்துவிட்டு, "சரி, விஜயா. இதை நம்பலாம். இனி நம்ப முடியாதது நம்மளத்தான், அதுக்கு வழி பண்ணணும்" என்றார்.

அவர் பண்ணிய வழிகளை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பட்டைகளுக்குச் சூடு ஆகாது. வேனில் போகும்போது அவை குளிர்ப்பெட்டியில், தெர்மாமீட்டரோடு போகும். எங்கள் சாப்பாடு வெயிலில் காய்ந்தாலும் பரவாயில்லை. காலையில் முதல் ஆளைத் தொடும் முன், நோய் இருக்கிற ரத்தம் ஒன்றையும் இல்லாத ரத்தம் ஒன்றையும் பட்டையில் போட்டுப் பார்க்க வேண்டும். அவை சரியாகக் காட்டினால்தான் அன்றைக்கு வேலை. விரலைத் துடைத்த பின் ஸ்பிரிட் காயும்வரை காத்திருக்க வேண்டும். நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும், அங்கேதான் வலி குறைவு. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்க வேண்டும். ரத்தத்தைக் குழியில் விட்டு, மருந்து நீரைச் சொட்டியதும் டைமரைத் தட்ட வேண்டும். டைமர் அடிக்கும் முன் பார்க்கக் கூடாது. அடித்த பிறகு நேரம் கடத்தியும் பார்க்கக் கூடாது. காயக் காய அது இல்லாத கோட்டையும் காட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே பட்டையை இரண்டு பேர் பார்க்க வேண்டும். நான் பார்த்து எழுதி மடித்து வைப்பேன். அவர் தனியாகப் பார்த்து எழுதுவார். பேசிக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவு. "மங்கலா ஒரு கோடு மாதிரி" என்று நான் ஒருமுறை எழுதிவிட்டேன். கண்ணாடி கழன்றது. "மாதிரின்னா என்ன? கோடு தெரியுதா இல்லையா?" மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

முடிவைச் சொல்வதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. யாருக்கும் நின்றுகொண்டு சொல்லமாட்டார். எதிரில் இருப்பவர் அவசரப்பட்டால், "டுடோக் டுலு" என்பார், முதலில் உட்காருங்கள் என்று அர்த்தம். அவர் உட்காரும்வரை தானும் வாயைத் திறக்கமாட்டார்.

எங்கள் முதல் பயணம் லூபோக் சீனா தோட்டத்துக்கு. வேலைக்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய ஆயாக்கொட்டகைக்கு முன்னால் வேனை நிறுத்தினோம். மேலிடத்திலிருந்து கொடுத்த துணிப் பதாகையை நாங்கள் 'பாக்சிக்', அதாவது மாமா, என்று கூப்பிடும் டிரைவர் சமாட் இரண்டு செம்பனைக்கு நடுவில் இழுத்துக் கட்டினார். அதில் நோயின் பெயர் சிவப்பு எழுத்தில், அரை மைலுக்குத் தெரிகிற மாதிரி. மத்தியானம்வரை ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டு வாசல்களில் நின்று எல்லாரும் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். எங்களை நோக்கி நடக்கிறவன் யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே வந்தால் வந்தவனுக்கு அந்த நோய் என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்த மேடம் கோ, பாக்சிக்கைக் கூப்பிட்டு, "அதைச் சுருட்டி வண்டிக்குள்ள போடுங்க" என்றார்.

அடுத்த முறை போனபோது பதாகை இல்லை. வேனுக்கு வெளியே மேசை போட்டு ரத்த அழுத்தம் பார்த்தோம். உள்ளே திரைக்குப் பின்னால் விரலில் ஒரே குத்து. அதிலேயே சர்க்கரை, ரத்தச் சத்து, விருப்பப்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி.யும். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பேன்: "அந்தச் சோதனையும் இருக்கு, பார்க்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்." வெளியே நிற்பவருக்கு உள்ளே போனவர் எதற்குச் சரி சொன்னார் என்று தெரியாது. அன்றைக்கு ஆயாக்கொட்டகையைச் சுற்றி வரிசை வளைந்து நின்றது. பெயர் கேட்கவில்லை, வரிசை நம்பர் மட்டும். அடையாள அட்டையும் கேட்கவில்லை.

அட்டை கேட்காததால்தான் செல்வி வந்தாள்.

அதற்குப் பிறகு போன ஒரு பயணத்தில் அவளைப் பார்த்தேன். நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. வேன் படியில் ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ்ஸி, ஐ.சி. கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன். மெதுவா ஏறுமா."

அவளுக்கு அடையாள அட்டையே கிடையாது. அம்மா அவளைப் பெற்று, பதியாமலேயே இறந்துபோயிருந்தார். வளர்த்தவர்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கர்ப்பம் ஆரம்பத்தில் ஒருமுறை கிளினிக்குக்குப் போனவள், கவுண்டரில் மற்றவர்கள் அட்டையை எடுத்து நீட்டுவதைப் பார்த்ததும் பயந்து திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. புருஷன் முரளிக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற வேலை. நல்லவர், கோபக்காரர் என்று அவளே சொன்னாள்.

ரத்தச் சத்து மிகவும் குறைந்திருந்தது. அடுத்த பட்டையில் டைமர் அடித்தது. இரண்டு கோடுகள். மங்கல்கூட இல்லை, பென்சிலால் கிழித்த மாதிரித் தெளிவாக இருந்தன. நான் எழுதி மடித்து வைத்தேன். மேடம் கோ பார்த்து எழுதினார். இரண்டும் ஒன்று. வேறு கம்பெனியின் பட்டையில் மறுபடி பார்த்தோம். அதிலும் இரண்டு கோடுகள். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நரம்பிலிருந்து ஒரு குழாய் ரத்தமும் எடுத்தேன். ஆனால் அந்த முடிவுக்குக் காத்திருக்க அவளுக்கு நாள் இல்லை. இரண்டு பட்டையும் காட்டினால் நிறைமாதக்காரிக்கு டாக்டர் அன்றைக்கே மருந்து தொடங்கலாம். தொடங்கினால் பிள்ளைக்குப் போகாமல் தடுக்கலாம். பழைய முறை என்றால், ஆஸ்பத்திரி முடிவு வரும்போது பிள்ளை பிறந்திருக்கும்.

"நீ சொல்லு. இது அவ பாஷையில போகணும்" என்றார் மேடம் கோ. சொன்னேன். செல்வி அழவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "பாப்பாவுக்கு?" என்று மட்டும் கேட்டாள். மருந்தைப் பற்றிச் சொன்னேன். அப்புறம்தான், முரளிக்கு முன்னால் தனக்கு ஒரு கல்யாணம் ஆகியிருந்ததையும், அந்தப் புருஷன் எலும்பும் தோலுமாகி இறந்ததையும், எதனால் என்று யாரும் தனக்குச் சொல்லாததையும் சொன்னாள். டாக்டரிடம் போனில் பேசியாகிவிட்டது, எங்கள் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம் என்றேன்.

"துணி எடுத்துக்கிட்டு வந்துர்றேன் மிஸ்ஸி."

போனவள் வரவில்லை. மற்றவர்களை எல்லாம் பார்த்து முடித்தோம், மேசையை மடித்தோம், அப்போதும் வரவில்லை. நான் மட்டும் லயத்துப் பக்கம் நடந்து போனேன். கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"முரளி இப்பத்தான் மோட்டர்ல ஏத்திக்கிட்டுப் போனான் லா. மாமியா வீட்டுலயே பெத்துக்கிறேன்னு ஒரே அழுகை. சுங்கை ரம்பாய் பக்கம். ஏன் மிஸ்ஸி, ஏதும் பிரச்சனையா?"

என் வேலையில் நான் எதிர்கொண்ட கேள்விகளில் மிகவும் ஆபத்தானது அதுதான். "ரத்தம் கம்மியா இருக்குமா. மாத்திரை குடுக்கணும்" என்றேன். அது உண்மை. பொய் சொல்ல மேடம் கோ விடமாட்டார். ஒரு பொய் சொன்னால் அடுத்த ஆளுக்கும் அதையே ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டும், எங்காவது இடறும் என்பார்.

கிளினிக்குக்குத் திரும்பியதும் அவள் கொடுத்திருந்த போன் நம்பருக்கு அடித்தோம். அணைத்து வைத்திருந்தாள். சுங்கை ரம்பாய் இருப்பது மலாக்கா மாநிலத்தின் தென்கோடியில், ஜொகூர் எல்லையில். நேராக வீட்டுக்கே போகலாம் என்றார் ஒரு நர்ஸ். மேடம் கோ ஒத்துக்கொள்ளவில்லை. அரசாங்க வண்டி ஒரு வீட்டு வாசலில் மட்டும் நின்றால் இருட்டுவதற்குள் அந்த ஊரே ஒரு கதை கட்டிவிடும். கதை சரியாக இருந்தாலும் அவள் வாழ்க்கை போச்சு, தப்பாக இருந்தாலும் போச்சு. போகாமல் இருந்தால் பிள்ளை போச்சு.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "மேடம், ஒரு வீட்டுக்குப் போனாத்தானே பேச்சு? ஊருக்கே போவோம். லூபோக் சீனாவுல செஞ்ச மாதிரியே பிரஷர், சுகர், எல்லாருக்கும் பார்ப்போம். அவளும் அந்த எல்லாரிலே ஒருத்தி."

மேடம் கோ கண்ணாடியைக் கழற்றினார். நான் ஏதோ உளறிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் துடைக்கவில்லை. கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். அது வேறு வட்டாரம், எங்கள் எல்லையே இல்லை. அங்கிருந்த அதிகாரியிடம் மலாயில் அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு பிடிவாதமாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. காரணத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலேயே அனுமதி வாங்கிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். சுங்கை ரம்பாயில் தமிழர்கள் இருக்கும் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பூப்பந்துத் திடல். அதன் ஓரத்து நிழலில் வேனை நிறுத்தி, குளிர்ப்பெட்டியைத் திறந்து, இரண்டு ரத்தங்களையும் வழக்கம் போலச் சோதித்தோம். மேடம் கோ அன்றைக்கும் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் ஆளாக ஓர் அம்மா வந்தார். கனத்த உடம்பு, கனத்த குரல். பெயர் அஞ்சலை என்று நான் கேட்காமலேயே சொன்னார். வெற்றிலைச் சிவப்பு வாயோடு, "எல்லாம் சும்மாவா பார்க்கிறீங்க? அப்ப எல்லாத்தையும் பாருங்க லா!" என்று விரலை நீட்டினார். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது.

"அம்மா, அடிக்கடி தாகம் எடுக்குதா?"

"குடம் குடமாக் குடிக்கிறேன். வெயில்தானே?"

"வெயில் இல்லம்மா. இனிப்பு நீர். இன்னைக்கே டாக்டரப் பார்க்கணும்."

கால் விரலில் ஆறாத புண் ஒன்றையும் காட்டினார். கடிதம் எழுதிக் கொடுத்து, என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று விளக்கினேன். எழுந்தவர் நின்று, "எங்க வீட்டுல மருமக இருக்கா, வயித்துப்பிள்ளக்காரி. நேத்துத்தான் வந்தா. வெளுத்துப்போயி இருக்கா. அவளையும் பார்ப்பீங்கதானே?" என்றார்.

நான் மேடம் கோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கூட்டிட்டு வாங்கம்மா" என்றேன்.

எந்த வீட்டைக் கண்ணால்கூடத் தேடக் கூடாது என்று நாங்கள் நினைத்திருந்தோமோ, அந்த வீட்டிலிருந்து மாமியாரே மருமகளின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். என்னைப் பார்த்ததும் செல்வியின் கால் நின்றுவிட்டது. "ஊசி சின்னதுதான், பயப்படாதே, போ!" என்று அஞ்சலையம்மாள் அவளைப் படியில் ஏற்றிவிட்டு, வெளியே வரிசையில் இருந்தவர்களிடம் தன் சர்க்கரை அளவைச் சத்தமாகச் சொல்லப் போய்விட்டார்.

திரைக்குப் பின்னால் செல்வி முணுமுணுத்தாள். "அவருகிட்ட சொல்லிட்டீங்களா மிஸ்ஸி?"

"இல்ல. யாருகிட்டயும் சொல்லல. நீ சொல்லாம நாங்க சொல்லமாட்டோம்."

"சொன்னா விட்டுட்டுப் போயிருவாரு."

போகமாட்டார் என்று சொல்ல என் வாய் வரை வந்தது. எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வது? "அது எனக்குத் தெரியாதுமா. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இன்னைக்கு மருந்து ஆரம்பிச்சா பாப்பாவக் காப்பாத்த முடியும். நீயும் நல்லா இருக்கலாம், அந்தப் பிள்ள வளர்றதப் பார்க்கலாம்" என்றேன்.

அவள் திரையை லேசாக விலக்கி வெளியே மாமியாரைப் பார்த்தாள். அப்புறம், "நீங்க பக்கத்துல உக்காருவீங்களா? நானே சொல்லிர்றேன்" என்றாள்.

முரளி மோட்டார் சைக்கிளை வீட்டு வாசலில் துடைத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டதும் வந்தான். வேனுக்குள் குனிந்து நின்றுகொண்டு, "என்ன மிஸ்ஸி, சீக்கிரம் சொல்லுங்க, லோரிக்குப் போகணும்" என்றான்.

"டுடோக் டுலு" என்றார் மேடம் கோ.

உட்கார்ந்தான். செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள், முதல் புருஷனைச் சொன்னாள், நேற்று எதற்காக ஓடிவந்தாள் என்பதையும் சொன்னாள். முரளி உள்ளங்கையால் வேன் சுவரில் ஓங்கி அடித்தான். தகரம் அதிர்ந்தது. வெளியே பேச்சுச் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. மேடம் கோ அசையவே இல்லை. அவன் அவளைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி விரலை நீட்டினான்.

"எனக்கும் பாருங்க."

துடைத்தேன். ஸ்பிரிட் காயட்டும் என்று காத்திருந்தேன். குத்தினேன். லோரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல், ரத்தம் லேசில் வரவில்லை. முதல் சொட்டைத் துடைத்தேன். இரண்டாவதைக் குழியில் விட்டு, மருந்து நீரைச் சொட்டி, டைமரைத் தட்டினேன். இளஞ்சிவப்பு நிறம் சன்னலில் மெல்ல ஏற ஆரம்பித்தது. முரளி எட்டிப் பார்த்தான். மேடம் கோ ஒரு காகிதத்தை மடித்துப் பட்டைக்கு முன்னால் தட்டி மாதிரி நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் வேனுக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முரளிக்கு இருந்தால் என்ன சொல்வது, இல்லாவிட்டால் அவன் என்ன செய்வான் என்று என் மனம் இரண்டு பக்கமும் ஓடியது. எது அவளுக்கு நல்லது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

டைமர் அடித்தது. நான் பார்த்து எழுதினேன். அவர் பார்த்து எழுதினார். ஒரு கோடு.

"அப்படின்னா?"

"இப்போதைக்கு உங்களுக்கு இல்ல தம்பி. சில மாசம் கழிச்சு மறுபடி பார்த்து உறுதி பண்ணணும்."

அவனுக்குக் கதவு திறந்திருந்தது. எழுந்து போயிருக்கலாம். போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், போனதற்காக அவர்களை நான் திட்டியதும் இல்லை. முரளி முழங்கையை முட்டியில் ஊன்றி முன்னால் சாய்ந்தான். பிறகு என்னிடம் கேட்டான்: "பிள்ளைக்கும் இல்லாம பண்ண முடியுமா?"

"முடியும். இப்பவே கிளம்பினா."

"அப்ப ஏன் உக்காந்திருக்கோம்?"

வெளியே போய், "அம்மா, செல்விக்கு ரத்தம் ரொம்பக் கம்மியாம். ஆஸ்பத்திரியில சேர்க்கணும். அவ துணிப்பையைக் கொண்டா" என்றான். அவன் குரலில் எந்த நடுக்கமும் இல்லை. நாங்கள் சொல்லிக்கொடுக்காமலேயே அவனும் உண்மையை மட்டும் சொன்னான்.

எங்களோடு வந்த நர்ஸை இரண்டாவது கண்ணாக வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற மற்றவர்களையும் ஒருவர் விடாமல் பார்த்து முடித்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன். மேடம் கோ செல்வியையும் முரளியையும் ஒரு வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார். ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுண்டரில் அட்டை இல்லாதவளுக்கு என்ன செய்வது என்று அவர்கள் குழம்பியபோது, கவுண்டருக்கு நேர் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வழி கிடைக்கும்வரை எழுந்திருக்கவில்லையாம். முரளி பின்னால் எனக்குச் சொன்னது. "அந்த அம்மா ஒண்ணுமே பேசல மிஸ்ஸி. கண்ணாடியத்தான் தொடச்சுக்கிட்டு இருந்தாங்க."

அன்றைக்கே மருந்து தொடங்கியது. சில வாரங்களில் அறுவை சிகிச்சை செய்து பெண் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளைக்கும் மருந்து சொட்டு, புட்டிப் பால். 'தாய்ப்பால் கொடுக்காமல் என்ன தாய்' என்று அஞ்சலையம்மாள் குதித்தபோது, "டாக்டர் வேணாம்னுட்டாரு, விடும்மா" என்று முரளி ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டான். அவனுடைய ரத்தம் மறுபடி பார்த்தபோதும் சுத்தம். பிள்ளையைப் பெரிய லேப்பில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கடைசிச் சோதனைக்கு, அவள் தத்தித் தத்தி நடந்து என் லேப்புக்கே வந்தாள். மேடம் கோ பணி ஓய்வு பெறவிருந்த சமயம் அது. பட்டையில் ஒரே கோடு. அன்றைக்கு அவர் செல்வியிடம் அனுமதி கேட்டு, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இருபது வருடத்துக்கும் மேலாக அவரோடு வேலை செய்திருக்கிறேன். வேலை நேரத்தில் அவர் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

செல்வி இன்றைக்கும் தினமும் மாத்திரை போடுகிறாள். கிருமி சோதனையில் அகப்படாத அளவுக்கு அடங்கியிருக்கிறது. அடையாள அட்டை விவகாரம் மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அது எங்கள் வேனால் ஆகிற காரியமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் புக்கிட் காத்திலில் இருக்கிறேன். வாரச் சந்தை போடும் நாளில், வெயில் தாழ்ந்ததும் காய் வாங்கப் போவேன். சில மாதங்களுக்கு முன் அங்கே ஆப்பம் பாலிக் என்கிற மடித்த கடலை ஆப்பம் சுடும் கடைக்கு முன்னால் செல்வியைப் பார்த்தேன். பக்கத்தில் அஞ்சலையம்மாள், பள்ளிக்கூடச் சீருடையில் அந்தப் பிள்ளை. எங்கள் தொழிலில், வெளியிடத்தில் நோயாளியை நாமாகக் கண்டுகொள்ளக் கூடாது. யார், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெண்டைக்காயைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"ஏய், மிஸ்ஸி!"

அஞ்சலையம்மாளின் குரல் சந்தை முழுக்கக் கேட்டது. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆப்பம் பாலிக் கடைக்காரருக்கும், காய்க் கடைக்காரருக்கும், அந்தப் பக்கம் போனவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார்: "இந்த மிஸ்ஸி இல்லன்னா எனக்கு இந்நேரம் கால் இருந்திருக்காது லா! சுங்கை ரம்பாய் வரைக்கும் வேன் எடுத்துக்கிட்டு வந்து சுகர் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னேயும் எங்க ஊருக்கு வந்ததில்ல, அதுக்கு அப்புறமும் வந்ததில்ல. எனக்காகவே தேடி வந்த மாதிரி வந்தாங்க!"

செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

"சுகர் இப்ப எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்கு. வேணும்னா பாருங்க!" என்று விரலை நீட்டினார். கடைக்காரர்கள் சிரித்தார்கள். பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு கையால் பாட்டியையும் ஒரு கையால் அம்மாவையும் பிடித்து, அடுத்த கடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். செல்வி திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

கூட்டத்தில் அவர்கள் தலை மறையும்வரை காய்ப் பையோடு அங்கேயே நின்றேன். அந்த மூன்று பேர் விரலிலும் குத்தியவள் நான். மூன்று பேரும் நன்றாக நடந்து போனார்கள்.